காத்தான்குடி: ஓர் ஆயுதக் குழு வளர்ந்த வழி

இலங்கையின் தமிழ் பேசும் முஸ்லிம்களிடையே மதத்தின் பெயரால் ஆயுதம் ஏந்தி, பெருந்தாக்குதல் நடத்தும் அளவுக்கு வளர்ந்த குழு ஒன்றே ஒன்றுதான். சஹ்ரான் ஹாஷிம் என்பவர் காத்தான்குடியில் உருவாக்கிய அந்தக் குழு, 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு அன்று மூன்று தேவாலயங்களிலும் மூன்று சொகுசு விடுதிகளிலும் தற்கொலைத் தாக்குதல் நடத்தி 260க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அந்த ஒரு நாளைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். அதற்கு முந்தைய முப்பது ஆண்டுகளைப் பற்றி எழுதப்பட்டவை குறைவு. குழு எப்படி வெடித்தது என்பதைவிட எப்படி வளர விடப்பட்டது என்பதே முக்கியமான கேள்வி. அதற்கான விடை போரிலும், ஊருக்குள் நடந்த மதப் பூசலிலும், கொழும்பின் அதிகாரச் சண்டையிலும் இருக்கிறது.

காத்தான்குடி மட்டக்களப்பு நகரத்துக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. கிழக்கே வங்கக் கடல், மேற்கே மட்டக்களப்பு வாவி. இடையிலுள்ள ஒடுங்கிய மணல் நிலத்தில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் நெருங்கி வாழ்கிறார்கள். கல்முனைக்குச் செல்லும் நெடுஞ்சாலையின் நடுவே பேரீச்ச மரங்கள் நட்டிருப்பார்கள். தெருவுக்குத் தெரு பள்ளிவாசல். ஊரார் பெரும்பாலும் வணிகர்கள். வடக்கிலும் தெற்கிலும் தமிழ் இந்து ஊர்கள். 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இலங்கை மக்கள்தொகையில் முஸ்லிம்கள் ஏறத்தாழ 9.7 விழுக்காடு. அவர்களில் பெரும்பாலோரின் தாய்மொழி தமிழ். ஆனால் கிழக்கு மாகாணத்தில் தமிழர், முஸ்லிம் என்ற இரு அடையாளங்களும் வெவ்வேறு அரசியலாகவே வளர்ந்தன.

இந்த மக்களின் பழைய சமய வாழ்வு தமிழகக் கடற்கரையோடு பின்னிப் பிணைந்தது. சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்திலுள்ள பரங்கிப்பேட்டை, அதற்குத் தெற்கே நாகூர், இன்னும் தெற்கே கீழக்கரை, காயல்பட்டினம் ஆகிய ஊர்களின் மரக்காயர் வணிகர்கள் இலங்கையோடு நூற்றாண்டுக் கணக்கில் கடல் வாணிபம் செய்தவர்கள். சரக்கோடு சமய மரபும் கடல் கடந்தது. வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் போன்ற அரபுக் கல்லூரிகளில் ஓதித் திரும்பிய ஆலிம்கள் இலங்கைப் பள்ளிவாசல்களில் பணியாற்றினார்கள். கல்முனைக் கடற்கரைப் பள்ளி நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவிடமாகப் போற்றப்படுவது. ஆண்டுதோறும் அங்கே கொடியேற்றம் நடக்கிறது. மௌலிது ஓதுவது, கந்தூரி கொடுப்பது, தர்காவில் நேர்ச்சை செலுத்துவது, சூபி நெறிகளான தரீக்காக்களில் சேர்ந்து திக்ரு செய்வது ஆகியவை இம்மக்களின் அன்றாட வாழ்வில் ஊறியவை. பின்னாளில் தூய்மைவாதிகளின் முதல் இலக்கானது இந்த மரபுதான்.

1980களில் தமிழீழப் போர் மூண்டபோது முஸ்லிம்கள் இரு பக்கமும் சேராத நிலையில் சிக்கிக்கொண்டார்கள். எம்.எச்.எம். அஷ்ரஃப் 1981இல் காத்தான்குடியில் தொடங்கிய ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் அந்தத் தவிப்பின் அரசியல் குரலானது. போரின் மிகக் கொடிய ஆண்டு 1990. அவ்வாண்டு ஆகஸ்ட் 3ஆம் தேதி இரவு, காத்தான்குடியின் இரு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள்; சிறுவர்களும் அதில் அடக்கம். சில நாட்களில் ஏறாவூரிலும் நூறு பேருக்கு மேல் கொல்லப்பட்டனர். இரண்டுக்கும் விடுதலைப் புலிகளே காரணம் என்று குற்றம் சாட்டப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் வடக்கு மாகாண முஸ்லிம்கள் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் புலிகள் ஊரைவிட்டு வெளியேற்றினர். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குக் கொடுத்த அவகாசம் இரண்டே மணி நேரம்.

இவ்வளவு நடந்தபின்னும் முஸ்லிம் இளைஞர்கள் தனி ஆயுத இயக்கம் எதையும் பெரிதாகக் கட்டவில்லை. இதை ஆய்வாளர்கள் போதிய அளவு கவனித்ததாகத் தெரியவில்லை. அரசு ஊர்காவல் படை என்ற பெயரில் சிலருக்குத் துப்பாக்கி கொடுத்தது. அவர்களில் சிலர் அண்டைத் தமிழ்க் கிராமங்களில் வன்முறையில் இறங்கினார்கள் என்பதும் உண்மை. ஆனால் சமூகத்தின் பெரும்பகுதி தேர்தலையும் பேரத்தையுமே நம்பியது. முஸ்லிம் காங்கிரசுக்குக் கொழும்பில் அமைச்சர் பதவியும் கிடைத்தது. அந்த நம்பிக்கைக்கும் அடி விழுந்தது. 2000 செப்டம்பர் 16 அன்று அஷ்ரஃப் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார். அவருடைய கட்சி சில ஆண்டுகளில் பல துண்டுகளானது. ஒவ்வொரு துண்டின் தலைவரும் அமைச்சராக முடிந்தது. சமூகத்துக்கென்று ஒரே குரல் இல்லாமல் போனது.

இதே காலத்தில் ஊருக்குள் வேறொரு மாற்றம் நடந்துகொண்டிருந்தது. 1970களின் பிற்பகுதியிலிருந்து வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் சென்றவர்களும் அங்கே மார்க்கக் கல்வி பெற்றவர்களும் தவ்ஹீத் எனும் ஓரிறைக் கொள்கையோடு திரும்பினார்கள். தர்கா வழிபாடும் மௌலிதும் இணைவைத்தல் என்பது அவர்கள் வாதம். தவ்ஹீத் என்பது ஆயுத இயக்கமன்று. அதில் ஈடுபட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் பிரசாரம், பள்ளிவாசல் கட்டுதல், இரத்த தானம் என்று நின்றவர்கள். ஆனால் காத்தான்குடியில் இந்தக் கருத்து மோதல் விரைவிலேயே கைகலப்பாயிற்று. சூபி அறிஞர் அப்துர் ரவூப் மௌலவியின் போதனைகள் மார்க்கத்துக்குப் புறம்பானவை என்று ஆலிம்களின் சபையான அகில இலங்கை ஜம்இய்யதுல் உலமா 1979இல் தீர்ப்பளித்தது. பயில்வான் என்று அழைக்கப்பட்ட அப்துல்லாவின் தரீக்கத்துல் முப்லிஹீன் அமைப்பும் பின்னர் அதே கண்டனத்துக்கு ஆளானது. 2004 இறுதியில் சூபி ஆதரவாளர்களின் வீடுகளும் சொத்துகளும் தாக்கப்பட்டன. 2006 டிசம்பரில் பயில்வான் இறந்தபோது, அவருடைய உடல் காத்தான்குடி மண்ணில் இருக்கக் கூடாது, தோண்டி அப்புறப்படுத்த வேண்டும் என்று கூட்டம் தெருவில் இறங்கியது. செத்த மனிதருக்கு ஆறடி நிலம் மறுக்கும் அளவுக்குப் பகை முற்றியிருந்தது. கிழக்கில் அப்போது போர் உச்சத்தில் இருந்ததால் கொழும்பு இதை ஊர்ச் சண்டை என்று ஒதுக்கிவிட்டது.

சஹ்ரான் வளர்ந்தது இந்தச் சூழலில். காத்தான்குடியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, அங்குள்ள ஜாமிஅத்துல் பலாஹ் அரபுக் கல்லூரியில் சேர்ந்தவர். ஆசிரியர்களோடு மார்க்க விஷயங்களில் ஓயாமல் மோதியதால் பாதியிலேயே வெளியேற்றப்பட்டார். பேச்சாற்றல் அவருக்கு இயல்பாக வந்தது. 2012 வாக்கில் தேசிய தவ்ஹீத் ஜமாஅத்தைத் தொடங்கினார். தமிழில், எளிய மொழியில், கோபத்தோடு பேசும் அவருடைய உரைகள் இணையத்தில் பரவின. 2015 பொதுத் தேர்தலின்போது மட்டக்களப்பு மாவட்ட முஸ்லிம் வேட்பாளர்கள் அவருடைய நிபந்தனைகளை ஏற்று உடன்பாடு செய்துகொண்டார்கள் என்பது பின்னர் நாடாளுமன்றத் தெரிவுக்குழுவின் முன் வெளிவந்தது. பாட்டுப் போடக் கூடாது, பட்டாசு வெடிக்கக் கூடாது என்ற வகையிலான நிபந்தனைகள் அவை. ஓட்டுகளுக்காகச் செய்த அந்த உடன்பாடு, தெருமுனைப் பேச்சாளர் ஒருவரை ஊரின் பெரிய மனிதராக்கிவிட்டது.

2017 மார்ச் 10 அன்று, காத்தான்குடி அலியார் சந்தியில் அவருடைய ஆட்கள் வாளும் தடியுமாக சூபிகளோடு மோதினார்கள். பலர் காயமடைந்தனர். காவல்துறை இரு தரப்பிலும் சிலரைக் கைது செய்தது. சஹ்ரான் தப்பித் தலைமறைவானார். ஆயுதக் குழுவின் பிறப்பை ஒரு நாளில் குறிக்க வேண்டுமானால் அது இந்த நாள்தான். அவருடைய வன்முறை முதலில் பாய்ந்தது கிறிஸ்தவர்கள்மீதோ பௌத்தர்கள்மீதோ அல்ல. ஒரே ஊரில், ஒரே மொழி பேசி, ஒரே கிப்லாவை நோக்கித் தொழுத முஸ்லிம்கள்மீது. முதலில் எச்சரித்தவர்களும் அவர்களே. காத்தான்குடி சூபிகள் காவல்துறைக்கும் உயர் அதிகாரிகளுக்கும் மனு மேல் மனு கொடுத்தார்கள். இலங்கை முஸ்லிம் கவுன்சிலும் உளவுத் துறையிடம் நேரில் எச்சரித்ததாகப் பின்னர் தெரிவித்தது. தேசிய தவ்ஹீத் ஜமாஅத்தே அவரைத் தங்கள் அமைப்பிலிருந்து நீக்கிவிட்டது. எல்லோரும் கைவிட்ட மனிதர் திருந்துவார் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் தேடிப் பிடிக்க வேண்டியவர்கள் தேடவில்லை.

தலைமறைவு வாழ்க்கையில் அவருக்கு ஆள் சேர்த்துக் கொடுத்தது சிங்களப் பேரினவாதம். 2014 ஜூனில் அளுத்கமையிலும், 2018 பிப்ரவரி–மார்ச் மாதங்களில் அம்பாறையிலும் கண்டி மாவட்டத்துத் திகனையிலும் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிக்கப்பட்டன. திகனைக் கலவரத்தை அடக்க 2018 மார்ச் 6 அன்று அவசரநிலை அறிவிக்க வேண்டியதாயிற்று. சட்டத்தின் வழியாக நீதி கிடைக்காது என்று சஹ்ரான் சொல்லிவந்ததற்கு எரிந்த கடைகளே சாட்சியாயின. இணையத்தில் இஸ்லாமிய அரசு அமைப்பின் பிரசாரம் கிடைத்தது. கொழும்பின் வசதியான வாசனைப் பொருள் வணிகர் ஒருவரின் இரு மகன்கள் பணத்தோடு வந்து சேர்ந்தார்கள். பிரிட்டனில் படித்த ஒருவரும் வந்தார். இவர்களை வறுமை ஆயுதம் ஏந்தவைத்தது என்ற வழக்கமான விளக்கம் இங்கே செல்லாது.

குழு நடத்திய முதல் கொலைகள் நாட்டின் கண்ணில் படாமலே போன விதம் தனியாகச் சொல்ல வேண்டியது. 2018 நவம்பர் இறுதியில், மட்டக்களப்புக்கு மேற்கே வவுணதீவு சோதனைச் சாவடியில் இரவுப் பணியிலிருந்த இரு காவலர்கள் கொல்லப்பட்டனர். அவர்களுடைய துப்பாக்கிகள் காணாமல் போயின. புலிகளின் மாவீரர் நாள் முடிந்து சில நாட்களே ஆகியிருந்தன. பழி உடனே முன்னாள் புலிகள்மீது விழுந்தது. முன்னாள் போராளி ஒருவர் கைதாகிச் சிறையில் அடைக்கப்பட்டார். ஈஸ்டர் தாக்குதலுக்குப் பின்புதான் அந்தக் கொலைகள் சஹ்ரான் ஆட்களுடையவை என்று தெரிந்தது. கைதானவர் 2019 மே மாதம் விடுவிக்கப்பட்டார். பத்தாண்டுகளுக்கு முன் முடிந்த போரின் எதிரியையே தேடிப் பழகிய கண்களுக்குப் புதிய எதிரி புலப்படவில்லை.

அதே 2018 டிசம்பர் 26 அன்று மாவனல்லையில் புத்தர் சிலைகள் உடைக்கப்பட்டன. அந்த வழக்கைத் துருவிச் சென்ற குற்றப் புலனாய்வுத் துறையினர், 2019 ஜனவரி 16 அன்று புத்தளம் மாவட்டம் வனாத்தவில்லுவில் ஒரு தென்னந்தோட்டத்தில் 100 கிலோ அளவு வெடிமருந்தைக் கண்டுபிடித்தார்கள். விசாரணைக்கு உதவிய மாவனல்லை முஸ்லிம் ஒருவரைச் சஹ்ரான் ஆட்கள் மார்ச் மாதம் வீடு புகுந்து சுட்டார்கள். அவர் உயிர் பிழைத்தார். இவ்வளவுக்குப் பிறகும் தேடுதல் தீவிரமாகாததற்குக் காரணம் கொழும்பில் இருந்தது.

2018 அக்டோபர் 26 அன்று ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவைப் பதவி நீக்கி மகிந்த ராஜபக்சவை அந்த இடத்தில் அமர்த்தினார். நவம்பர் 9 அன்று நாடாளுமன்றத்தைக் கலைத்தார். கலைத்தது செல்லாது என்று டிசம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க, 16ஆம் தேதி ரணில் மீண்டும் பிரதமரானார். ஐம்பது நாள் குழப்பம் முடிந்தது, பகை முடியவில்லை. தேசியப் பாதுகாப்புப் பேரவைக் கூட்டங்களுக்குப் பிரதமரும் காவல்துறைத் தலைவரும் அழைக்கப்படவில்லை. சஹ்ரானைத் தேடிவந்த பயங்கரவாதப் புலனாய்வுப் பிரிவின் தலைவர் நாலக சில்வா, ஜனாதிபதியைக் கொல்லச் சதி செய்தார் என்ற வேறொரு குற்றச்சாட்டில் அதே அக்டோபரில் கைது செய்யப்பட்டார். அவரோடு சேர்ந்து அந்தத் தேடுதலும் படுத்துவிட்டது.

2019 ஏப்ரல் 4 அன்று இந்திய உளவுத் துறையிலிருந்து எச்சரிக்கை வந்தது. தாக்குதலைத் திட்டமிடுபவரின் பெயரும், தேவாலயங்கள் இலக்காகலாம் என்பதும் அதில் இருந்தன. கோயம்புத்தூரில் 2018இல் கைதானவர்களை விசாரித்தபோது சஹ்ரானின் பேச்சுகள் இந்திய அதிகாரிகளின் கவனத்துக்கு வந்திருந்தன. எச்சரிக்கை மேசைக்கு மேசை நகர்ந்தது. ஏப்ரல் 16 அன்று காத்தான்குடிக்கு அருகே வெடிமருந்து ஏற்றிய மோட்டார் சைக்கிள் ஒன்று வெடித்தது, அது ஒத்திகை. தேவாலயங்களுக்கு மட்டும் கடைசிவரை யாரும் சொல்லவில்லை. ஈஸ்டர் காலையில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் இறந்தவர்களில் பலர் ஞாயிறு வகுப்பு முடித்து வந்த சிறுவர்கள். அவர்களும் தமிழ் பேசியவர்கள். குண்டைச் சுமந்து வந்தவரும் காத்தான்குடித் தமிழ் பேசியவரே.

ஏப்ரல் 26 அன்று, கல்முனையை அடுத்த சாய்ந்தமருதுவில் புதிதாகக் குடிவந்தவர்கள்மேல் ஐயப்பட்டு அக்கம்பக்கத்து முஸ்லிம்கள் தகவல் கொடுத்தனர். படையினர் சூழ்ந்ததும் வீட்டுக்குள் இருந்தவர்கள் குண்டுகளை வெடிக்கவைத்தார்கள். சஹ்ரானின் தந்தையும் சகோதரர்களும் பெண்களும் குழந்தைகளுமாகப் பதினைந்து பேர் அளவில் இறந்தனர். நாகூர் ஆண்டகையின் பெயரால் கொடியேறும் கடற்கரைப் பள்ளி அந்த ஊருக்கு அருகில்தான் இருக்கிறது. தாக்குதல்காரர்களின் உடல்களைப் பள்ளிவாசல் அடக்கத்தலங்களில் ஏற்கமாட்டோம் என்று ஜம்இய்யதுல் உலமா அறிவித்தது.

சோமாலியாவோடு ஒப்பிட்டால் இக்கதையின் தனித்தன்மை துலங்கும். 1991 ஜனவரியில் சியாத் பர்ரே வீழ்ந்தபின் அங்கே அரசே இல்லாமல் போனது. குலத்துக்கு ஒரு படை, படைக்கு ஒரு தலைவன். அந்த வெறுமையில் ஊர் நியாயம் சொல்ல எழுந்த இஸ்லாமிய நீதிமன்றங்களின் ஒன்றியம் 2006 ஜூனில் மொகதிஷுவைக் கைப்பற்றியது. டிசம்பரில் எத்தியோப்பியப் படை நுழைந்து அதை விரட்டியது. ஒன்றியத்தின் தீவிரப் பிரிவான அல் ஷபாப், அந்நியப் படையை எதிர்ப்பவர்கள் என்ற பெயரோடு தனித்து வளர்ந்தது. சூபிப் பெரியார்களின் அடக்கத்தலங்களை அவர்கள் இடித்தபோது, அதுவரை ஆயுதம் தொடாத சூபி மரபினர் அஹ்லு சுன்னா வல் ஜமாஆ என்ற படையைத் திரட்டி 2008இலிருந்து எதிர்த்துப் போரிட்டனர். 2017 அக்டோபர் 14 அன்று மொகதிஷுவில் வெடித்த லாரிக் குண்டு 500 பேருக்கு மேற்பட்டோரைக் கொன்றது; இறந்தவர்கள் அனேகமாக எல்லோரும் முஸ்லிம்கள்.

இரண்டு நாடுகளிலும் தூய்மைவாத வன்முறை சூபிகள்மீது பாய்ந்தது. ஆனால் சோமாலிய சூபிகள் ஆயுதம் எடுத்தார்கள். காத்தான்குடி சூபிகள் காவல் நிலையப் படியேறி மனு கொடுத்தார்கள். அரசு என்ற ஒன்று இருப்பதாக நம்பியவர்கள் செய்த செயல் அது. சோமாலியாவில் அரசு இல்லாததால் குழு வளர்ந்தது. இலங்கையில் நீதிமன்றமும் உளவுத் துறையும் பெரும் படையும் இருந்தும், தலைமை இரண்டுபட்டதால் வளர்ந்தது. முதலாவது இல்லாமையின் துயரம். இரண்டாவது கடமை தவறியதன் குற்றம்.

தமிழகத்தில் இந்த நிலை வரவில்லை. ஆனாலும் ஒப்பிடத்தக்க சுவடுகள் உண்டு. 1997 நவம்பரில் கோவையில் போக்குவரத்துக் காவலர் ஒருவர் கொல்லப்பட்டார். தொடர்ந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் முஸ்லிம்கள் 18 பேர் இறந்தனர். அந்தக் காயத்தைக் காட்டி ஆள் சேர்த்த அல் உம்மா, 1998 பிப்ரவரி 14 அன்று தொடர் குண்டுவெடிப்பு நடத்தியது. 58 பேர் இறந்தனர். அமைப்பு உடனே தடை செய்யப்பட்டது. வழக்கு நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் நடந்து தண்டனைகள் வந்தன. 2022 அக்டோபர் 23 அன்று உக்கடம் கோட்டை ஈஸ்வரன் கோயில் முன் வெடித்த காரில், அதை ஓட்டி வந்தவர் இறந்தார். கடலூர் மாவட்டத்துப் பரங்கிப்பேட்டையிலும் லால்பேட்டையிலும் தர்காவும் அரபுக் கல்லூரியும் தவ்ஹீத் பள்ளியும் இன்று அருகருகே இருக்கின்றன. வாதம் மேடையில் நடக்கிறது. அங்கேயே நிற்கவும் செய்கிறது.

ஈஸ்டருக்குப் பின் இலங்கை முஸ்லிம்கள் கொடுத்த விலை பெரிது. 2019 மே மாதம் குருநாகல், மினுவாங்கொடை உள்ளிட்ட பகுதிகளில் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன, ஒருவர் கொல்லப்பட்டார். ஒரு பௌத்த பிக்குவின் உண்ணாவிரதத்தைத் தொடர்ந்து ஜூன் 3 அன்று முஸ்லிம் அமைச்சர்கள் கூண்டோடு பதவி விலகினார்கள். நவம்பரில் தேசப் பாதுகாப்பை முழக்கமாக்கி கோத்தபய ராஜபக்ச ஜனாதிபதியானார். கொரோனா காலத்தில் முஸ்லிம்களின் உடல்களும் கட்டாயமாக எரிக்கப்பட்டன. 2021 பிப்ரவரியில்தான் அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. உளவுத் துறையின் ஒரு பகுதியினருக்கு இந்தக் குழுவோடு தொடர்பு இருந்தது என்ற குற்றச்சாட்டை 2023இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சி ஒன்று வெளியிட்டது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் மறுத்தார்கள்.

2023 ஜனவரி 12 அன்று இலங்கை உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. எச்சரிக்கை கிடைத்தும் தாக்குதலைத் தடுக்காததன் மூலம் குடிமக்களின் அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என்று அது கூறியது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடாக சிறிசேன தம் சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி ரூபாயும், முன்னாள் காவல்துறைத் தலைவர் பூஜித ஜயசுந்தரவும் உளவுத் துறைத் தலைவராக இருந்த நிலந்த ஜயவர்தனவும் தலா 7.5 கோடியும், முன்னாள் பாதுகாப்புச் செயலாளர் ஹேமசிறி பெர்னாண்டோ 5 கோடியும், முன்னாள் தேசிய உளவுத் தலைவர் சிசிர மெண்டிஸ் 1 கோடியும் செலுத்த வேண்டும் என்று ஆணையிட்டது.